உப்பளக் கங்காணிக்கு உப்பில்லாத ஆம்லெட்

மார்ச் 11, செவ்வாய்

இந்த நோட்டைக் கண்ணாஸ்பத்திரியில் கொடுத்தார்கள். தினமும் தேதி போட்டு, காலையில் என்ன சாப்பிட்டார், பிரஷர் எவ்வளவு என்று எழுதிவர வேண்டுமாம். அட்டையில் நோயாளியின் பெயர் என்று ஒரு கோடு இருக்கிறது. அதை நர்ஸ் பெனிட்டாவையே எழுதச் சொல்லிவிட்டேன். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்ற காலமெல்லாம் மலையேறிவிட்டது, எனக்கும் தெரியும். ஆனாலும் முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லாத பெயர். கை வர மாட்டேன் என்கிறது. "சிவனணைந்தான், வயது 61, உப்பளக் கங்காணி" என்று அந்தப் பெண் எழுதினாள்.

இன்று இவருக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் நடந்திருக்க வேண்டும். பச்சைச் சட்டை போட்டு, தலையில் துணித் தொப்பி மாட்டி, கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்திருந்தார்கள். கடைசியாக ஒரு தடவை பிரஷர் பார்த்தார்கள். 190/110. டாக்டர் தொப்பியைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 15-க்குள் 150/90-க்குக் கீழே வந்தால் ஆபரேஷன். வராவிட்டால் அடுத்து ஜூலையில்தான் இடம் இருக்கிறதாம். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். உப்பை ஏறக்குறைய நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

"காலையில என்ன சாப்பிடுவீங்க அப்பா?" என்று பெனிட்டா கேட்டாள்.

"பழைய கஞ்சிதான். கொஞ்சம் கல்லுப்பு, சுட்ட கருவாடு, மாங்கா ஊறுகா."

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான்தான் கருவாட்டைக் கண்டுபிடித்தவள் மாதிரி.

"கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாத்தையும் மறந்துடுங்க அம்மா. காலையில காய் நிறையப் போட்டு ஆம்லெட் செஞ்சு கொடுங்க. உப்பு போடாதீங்க. முட்டையிலேயே கொஞ்சம் உப்பு இருக்கு, அது போதும்."

ஊருக்கெல்லாம் உப்பு வாரிக் கொடுக்கிற ஆளுக்குக் கோழி போட்டுத் தருகிற உப்பு போதுமாம். தூத்துக்குடியில் வந்து சொல்கிறார்கள். பஸ்ஸில் வரும்போது இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 12, புதன்

மகள் கோயம்புத்தூரிலிருந்து அனுப்பிய பிரஷர் மிஷின் வந்தது. கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் தானாகவே இறுக்கித் தானாகவே எண் காட்டுகிறது. சரியாக வேலை செய்கிறதா என்று முதலில் என் கையில் போட்டுப் பார்த்தேன். 164/98. புது மிஷின், பழக வேண்டும் போலிருக்கிறது.

இவருக்கு 186/106.

முதல் ஆம்லெட். இரண்டு முட்டை, வெங்காயம், தக்காளி, குடைமிளகாய், கேரட். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடித்துக் கல்லில் ஊற்றினேன். தக்காளி தண்ணீர் விட்டு, கேரட் வேகாமல், திருப்பும்போது நாலு துண்டாகி, துவைத்துப் பிழியாத துணி மாதிரி தட்டில் விழுந்தது.

இவர் ஒரு வாய் வைத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"ஏட்டி, கல்லுப்பு போட்டியா?"

"ஒரு பொட்டு போடல."

"பல்லுல கடிபட்டுதுல்லா."

தட்டைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். முட்டை ஓடு. கண்ணுக்கு எதிரே வெள்ளை வெளேரென்று இன்னும் இரண்டு துண்டு கிடந்தன. பொறுக்கி எறிந்தேன். பார்த்துச் சாப்பிடத் தெரியாத மனுஷன்.

மார்ச் 13, வியாழன்

ஆம்லெட். 184/104. "நல்லாருக்கு" என்றார். நான் ஆக்கிப் போட்டதைக் கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவையும் நல்லாயிருக்கு என்று சொன்னவர் இல்லை. சந்தேகமாக இருக்கிறது.

மார்ச் 15, சனி

சமையலில் நான் தோற்றவள் என்று யாரும் சொல்லக் கூடாது. இரண்டு நாளாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டியதுதான் தப்பு. இன்று சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, அரை ஸ்பூன் நல்லெண்ணெயில் சிறு தீயில் விட்டேன். அவசரப்படாமல் விட்டால் வெங்காயம் தானே இனிப்பாகிவிடும். கேரட்டைத் துருவிப் போட்டேன். தக்காளியின் விதையையும் தண்ணீரையும் வழித்து எடுத்துவிட்டுச் சதையை மட்டும் அரிந்தேன். ஒரு கைப்பிடி முருங்கைக் கீரை. காய் வெந்து ஆறிய பிறகுதான் முட்டையில் கலந்தேன். மிளகும் சீரகமும் வறுத்து அப்போதே நுணுக்கிப் போட்டேன். டப்பாவில் கிடக்கிற பழைய தூள் இதற்கு ஆகாது. மூடி போட்டு வேகவிட்டதால் திருப்பும்போது உடையவில்லை.

வாசனை தெருமுனை வரைக்கும் போனது. சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் இருக்கு. ஆளு மட்டும் இல்ல."

உப்பைத்தான் ஆள் என்கிறார். நாக்கு எவ்வளவு நீளம் பாருங்கள்.

ஊறுகாய்ப் பாட்டில் அரைக்கு மேல் இருக்கிறது. கருவாடும் கிடக்கிறது. தூரப் போட மனசு வரவில்லை. பழைய கஞ்சிக்கு நானே தொட்டுக்கொண்டு தீர்த்துவிடுகிறேன். இவருக்குத்தானே கூடாது.

மார்ச் 18, செவ்வாய்

ஆம்லெட். 180/102. பேப்பர் படிப்பதை விட்டுவிட்டார். கேட்டால், எல்லாம் பொய்ச் செய்தி என்கிறார். நல்லதுதான். பிரஷர் ஏறாது.

மொபெட்டுக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் போட்டு மூன்று வாரம் ஆகிறது, இன்னும் தீரவில்லை. பழைய வண்டியானாலும் நல்ல மைலேஜ்.

மார்ச் 20, வியாழன்

இன்று ஒரு பாவம் செய்தேன். மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சகிக்காமல் ஆம்லெட்டில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுவிட்டேன். இவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வழக்கம்போல "நல்லாருக்கு" என்று எழுந்து போனார். ஒரு குன்றிமணி உப்பைக் குழம்பில் கண்டுபிடிக்கிற நாக்கு அது. பாவமும் செய்து பலனும் இல்லை. இனி கிடையாது.

மார்ச் 21, வெள்ளி

178/100. பத்து நாளாகிறது, மாத்திரை தவறாமல் போகிறது, உப்பு உள்ளே போகவில்லை. ஏன் இறங்கமாட்டேன் என்கிறது? மிஷினில் கோளாறா என்று சரிபார்க்க என் கையில் போட்டுப் பார்த்தேன். 168/100. பேட்டரி மாற்றினேன். மறுபடியும் அதே எண். கை குண்டாக இருந்தால் கூடக் காட்டும் என்று யாரோ சொன்னார்கள்.

மார்ச் 24, திங்கள்

மாங்காய்! இத்தனை நாள் எனக்கு ஏன் தோன்றவில்லை?

மார்க்கெட்டில் கிளிமூக்கு மாங்காய் வந்துவிட்டது. தோல் சீவித் துருவி, ஒரு ஸ்பூன் மட்டும் காயோடு சேர்த்தேன். இஞ்சி, பச்சை மிளகாய், கொத்தமல்லி. புளிப்பும் காரமும் நாக்கைப் பிடித்துக்கொண்டால் உப்பைத் தேட அதற்கு நேரமிருக்காது என்று ஒரு கணக்கு. நானே ஒரு துண்டு தின்று பார்த்து, நின்ற இடத்திலேயே பாதியைத் தின்றுவிட்டேன். இவருக்கு வேறு ஊற்ற வேண்டியதாகிவிட்டது.

"இதென்னட்டி?"

"ஏன், ஆளு வந்துட்டானா?"

"அவன் வரல. அவன் தம்பி வந்திருக்கான்."

சிரித்தார். கண்ணாஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு இப்போதுதான் சிரிக்கிறார். எனக்கு இன்றைக்கு முழுக்க ஒரு வேலையும் பாரமாகத் தெரியவில்லை.

மார்ச் 27, வியாழன்

180/100. இறங்குவதற்குப் பதில் ஏறியிருக்கிறது.

பெனிட்டாவுக்குப் போன் செய்தேன். "வெளியில எங்கயாவது சாப்பிடுறாங்களா அம்மா? வடை, மிக்சர் ஏதாவது?" என்று கேட்டாள். வடை கிடையாது. ஐந்து மணிக்கு உப்பளத்துக்குப் போனால் ஒன்பதரைக்கு வீடு. டீ கூட என் கையால்தான். அப்படியென்றால் எங்கிருந்து வருகிறது? இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது. ஜூலை என்றால் அதற்குள் இடது கண்ணும் போய்விடும் என்று டாக்டர் சொன்னதை நான் இவரிடம் சொல்லவில்லை. இங்கேயும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மார்ச் 29, சனி

இன்றைக்கு நடந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் ஆறும்.

உப்பு வாருகிற நாள், வீட்டுக்கு வர நேரமாகும் என்று சொல்லிப் போயிருந்தார். ஆம்லெட்டைத் தூக்கில் வைத்து மூடி, ஷேர் ஆட்டோவில் ஏறி உப்பளத்துக்கே போய்விட்டேன். நான் அங்கே போய்ப் பல வருஷமாகிறது. காலை எட்டரைக்கே வெள்ளை வெயில், கண் கூசுகிறது. வரப்பு ஓரமாக இவருடைய மொபெட் நின்றது. கை வைத்தேன். சூடே இல்லை.

"என்ன பிரம்மசக்தி, வண்டி குளுந்து கிடக்கு?" என்று கேட்டேன். பிரம்மசக்தி இவர் பாத்தியில் உப்பு வாருகிறவள். பத்து வருஷப் பழக்கம், எதையும் மறைக்கத் தெரியாது.

"அண்ணாச்சி எங்க மதினி ஓட்டுதாவ? ஒரு மாசமா உருட்டிட்டுத்தான் வாராவ. உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாராமே?"

எந்த டாக்டர் சொன்னார்? எனக்கு மைலேஜ் விஷயம் அப்போதுதான் விளங்கியது.

இவர் தூரத்துப் பாத்தியில் குனிந்து நின்றார். நான் வருவது தெரியவில்லை. வலது கை ஆள்காட்டி விரலைப் பாத்தித் தண்ணீரில் விட்டார். நாக்கில் வைத்தார். கண்ணை மூடிச் சப்புக்கொட்டினார். "இருவத்தி மூணு டிகிரி. நாளைக்கு வாரலாம்" என்றார். தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற கணக்கு அது. அடுத்த பாத்திக்குப் போனார். விரல், நாக்கு. "இருவத்தஞ்சு." அங்கே விளைந்து கிடந்த உப்பில் ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டு நறுக்கென்று கடித்தார். துப்பவில்லை. அடுத்த பாத்தி.

பிரம்மசக்திக்கு ஒரே பெருமை. "அண்ணாச்சி நாக்குல டிகிரி பாத்தா குழலுல பாத்த மாதிரியே இருக்கும் மதினி. ஒரு நாளைக்கு அம்பது பாத்திக்குக் கொறயாது."

இதில் கொடுமை என்னவென்றால், இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. கல்யாணமான புதிதிலிருந்து தெரியும். நாக்கு வைத்துப் பார்க்காத உப்பளக்காரன் இந்த ஊரில் கிடையாது. ஆனால் அதைச் சாப்பாடு என்று யார் நினைப்பார்கள்? அது வேலை. பெனிட்டா கருவாட்டைக் கேட்டாள், வடையைக் கேட்டாள், வேலையைக் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

தூக்கை வரப்பில் வைத்தேன்.

"வீட்டுல நான் ஒரு சிட்டிக உப்புக்குப் பாவம் புண்ணியம் பாத்துட்டுக் கெடக்கேன். நீங்க இங்க கடலையே குடிச்சிட்டு நிக்கீய!"

திடுக்கிட்டுத் திரும்பினார். நான் நின்ற பக்கம் இல்லை, அதற்குக் கொஞ்சம் இடது பக்கமாகப் பார்த்தார். "ஏட்டி, நீயா? வெயில்ல ஏன் வந்த?"

"டிகிரி பாக்கக் குழல் இல்லையா இங்கன?"

"கெடக்கு செட்டுல. அது எதுக்கு எனக்கு?"

கொட்டகைக்குப் போய் எடுத்துவந்தேன். தெர்மாமீட்டருக்கு அண்ணன் மாதிரி ஒரு கண்ணாடிக் குழல். தண்ணீரில் மிதக்கவிட்டு, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்தால் டிகிரி தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பார்க்கலாம். அதன் மேல் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. துடைத்துப் பாத்தியில் விட்டேன்.

"எவ்வளவு காட்டுதுன்னு சொல்லுங்க."

குனிந்தார். இன்னும் குனிந்தார். மூக்கு தண்ணீரைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "புகையா இருக்குட்டி. ரெண்டு கண்ணுலயும். கண்ணு தெரியாத கங்காணி எதுக்குன்னு கேட்டுட்டாவன்னா? நாக்கு இருக்குல்லா, அத வச்சு ஓட்டிட்டேன்."

கண் தெரியாததால் நாக்கு. நாக்கினால் உப்பு. உப்பினால் பிரஷர். பிரஷரினால் ஆபரேஷன் இல்லை. ஆபரேஷன் இல்லாததால் கண் தெரியவில்லை. செக்கு மாடு மாதிரி மனுஷன் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். முட்டை ஓட்டைக் கல்லுப்பு என்று கடித்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரத்தை மட்டும் வெளியே விட்டேன். உப்பளமே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

ஆம்லெட்டை அங்கேயே உட்கார வைத்துத் தின்ன வைத்தேன். வரப்பில் ஏறும்போது தலை சுற்றியது. வெயில்.

மார்ச் 30, ஞாயிறு

பிரம்மசக்தியை வீட்டுக்கு வரச் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டேன். அவள் குழலைப் பார்த்து டிகிரியைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். எந்தப் பாத்தியை எப்போது வாருவது என்று முடிவு செய்வது இவர். வெளியே யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

"அண்ணாச்சி விரலு வாய்க்குப் போச்சுன்னா?"

"கையில ஒண்ணு போடு. நான் சொன்னேன்னு சொல்லு."

நாக்கு சும்மா இருந்தால்தானே விரலைத் தேடும்? சட்டைப் பையில் ஒரு பொட்டலம் கிராம்பு போட்டு அனுப்புகிறேன். வாயில் ஒன்று அடக்கிக்கொள்ள வேண்டியது.

போனில் பெனிட்டாவிடம் சொன்னேன். "ஐம்பது தடவையா அம்மா?" என்று கேட்டாள். "இனி எல்லார்கிட்டயும் என்ன வேலை பாக்குறீங்கன்னு கேட்டுட்டுத்தான் சாப்பாட்டைக் கேட்பேன்" என்றாள். கெட்டிக்காரப் பெண்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஆம்லெட்டில் பீன்ஸும் மாங்காயும். 174/98. வீடெல்லாம் கிராம்பு வாசனை.

ஏப்ரல் 3, வியாழன்

166/94!!

இரண்டு ஆச்சரியக்குறி போட்டிருக்கிறேன். பத்தாம் வகுப்பில் தமிழ் ஆசிரியர் ஒன்றுதான் போட வேண்டும் என்பார். அவருக்கு என்ன தெரியும்?

ஏப்ரல் 5, சனி

உப்பளத்தில் புது விளையாட்டு நடக்கிறதாம். இவர் தண்ணீரை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து ஒரு எண் சொல்கிறார். பிரம்மசக்தி குழலைப் பார்த்துச் சரியா தப்பா என்கிறாள். நேற்று பத்துக்கு ஏழு சரி. இன்று எட்டு. நாக்கிலிருந்த வித்தை விரலுக்கு இறங்கிவிட்டது என்று வீட்டுக்கு வந்து ஒரே அளப்பு.

ஏப்ரல் 6, ஞாயிறு

இவருக்கு 160/94. எனக்கு இரண்டு நாளாகப் பின்மண்டையில் வலி. வெயில் ஆகவில்லை. மிஷினை என் கையில் போட்டால் 172/102 என்கிறது. இந்த மிஷின் ஆளைப் பார்த்துப் பேசுகிறது. ஊறுகாய் பாட்டிலில் அடி மட்டும்தான் இருக்கிறது, இந்த வாரத்தோடு தீர்ந்துவிடும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று ஆம்லெட் சாப்பிட்டுக்கொண்டே, "ஏட்டி, கேரட்டு இனிக்குமா?" என்று கேட்டார்.

"இத்தன நாளும் என்னன்னு நெனச்சீய?"

"இத்தன நாளும் கேரட்டே தெரியலயே."

முட்டையில் ஒரு வாசனை, கீரையில் ஒரு கசப்பு, வெங்காயத்தில் ஒரு தித்திப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சாப்பிட்டார். மதியம் பக்கத்து வீட்டிலிருந்து வந்த ரசத்தில் ஒரு வாய் வைத்துவிட்டு, "யம்மா, கரிக்கு" என்று தள்ளிவிட்டார். உப்பளக் கங்காணி சொல்கிறார்! நான் குடித்துப் பார்த்தேன், எனக்குச் சரியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

154/90. பக்கத்தில் வந்துவிட்டோம்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வருஷப் பிறப்புக்கு அப்பளம் பொரிக்காத ஒரே வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும். மாங்காய்ப் பச்சடியில் வெல்லமும் வேப்பம்பூவும் மட்டும். குழம்பில் இவருக்குத் தனியாக உப்பில்லாமல் எடுத்து வைத்தேன். 146/86. இரண்டு தடவை பார்த்துவிட்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரியிலும் இதே எண் வர வேண்டும்.

எனக்குப் பயமெல்லாம் ஒன்றும் இல்லை. பையை மூன்று தடவை எடுத்து வைத்தது எதையும் மறந்துவிடக் கூடாது என்பதற்காக.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்தபோது 158. பெனிட்டா, "பேசாம அரை மணி நேரம் உட்காருங்கப்பா, திரும்பப் பார்க்கலாம்" என்று ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். இவர் பையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

"என்ன யோசிக்கீய?"

"நாளைக்கு ஆம்லெட்டுல பீன்ஸ் போடுவியா, குடமொளகா போடுவியான்னு."

அரை மணி கழித்து 144/84. பச்சைச் சட்டையும் தொப்பியும் மறுபடி வந்தன. கதவு மூடியது. இருபது நிமிஷம்தான் என்றார்கள். அந்தக் கதவின் கைப்பிடியில் எத்தனை திருகாணி என்று கேட்டால் இப்போதும் சொல்வேன்.

நல்லபடியாக முடிந்தது.

ஏப்ரல் 16, புதன்

கட்டைப் பிரித்தார்கள். பெனிட்டா முன்னால் நின்று, "என்ன தெரியுது அப்பா?" என்றாள். இவர் அவளைத் தாண்டி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை சரியாக நான் நிற்கிற இடத்தைப் பார்த்தார்.

"ஏட்டி, ஏன் இப்படி வெளிறிக் கெடக்க? முகமெல்லாம் வீங்கியிருக்கு."

கண் தெரிந்தவுடனே சொல்கிற முதல் வார்த்தையைப் பாருங்கள். தூக்கம் சரியில்லை, அவ்வளவுதான் என்றேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஆம்லெட். 140/84. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தெருவில் சினிமா நடிகர் மாதிரி நடக்கிறார். சுவரில் ஒட்டிய போஸ்டரையெல்லாம் சத்தமாகப் படிக்கிறார். இந்த நோட்டை இனி எழுத வேண்டுமா என்று பெனிட்டாவைக் கேட்க வேண்டும். நோயாளிக்குத்தான் சரியாகிவிட்டதே.

ஏப்ரல் 23, புதன்

இது நான் எழுதுகிறேன். சிவனணைந்தான். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, கோடு தாண்டிப் போகிறது.

நேற்று அவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது, கிட்டத்துக்கும் கண் தெரிகிறதா பார்ப்போம் என்று அவளுடைய படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். கையில் கிடைத்தது இந்த நோட்டு. அவள் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். என்னைப் பற்றி எழுதியிருப்பதையெல்லாம் பார்த்துச் சிரித்தேன். செக்கு மாடு என்று எழுதியிருக்கிறாள். இருக்கட்டும்.

பிறகு மார்ச் 12-ஐத் திரும்பப் படித்தேன். மார்ச் 21-ஐயும், ஏப்ரல் 6-ஐயும் படித்தேன். ஒரே மிஷின். என் கையில் போட்டால் ஆஸ்பத்திரி எண்ணோடு ஒத்துப்போகிறது. அவள் கையில் மட்டும் எப்படிப் பொய் சொல்லும்? ஊறுகாய் முழுக்க யார் தீர்த்தது என்பதும் இதிலேயே இருக்கிறது. எனக்குக் கண் தெரியாது, ஆஸ்பத்திரியில் என் எண்ணை மட்டும்தான் கேட்பார்கள், யாரும் படிக்கப் போவதில்லை என்று தைரியமாக எழுதி வைத்திருக்கிறாள்.

நான் நாக்கால் மறைத்தேன். இவள் நோட்டில் எழுதியே மறைத்திருக்கிறாள். எனக்கு ரொம்பப் பயமாகிவிட்டது.

மார்க்கெட்டிலிருந்து வந்தவளை வாசற்படி ஏறவிடாமல் அப்படியே ஆட்டோவில் ஏற்றினேன். "பைத்தியமா உங்களுக்கு, மீன் கெட்டுப் போவும்" என்று கத்திக்கொண்டே வந்தாள். டாக்டர் பார்த்தார். 176/104. இத்தனை நாள் எப்படி நடமாடினீர்கள் என்று கேட்டார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். உப்பை நிறுத்தச் சொன்னார். மீன் கெட்டுத்தான் போனது.

இன்று உப்பளத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். பிரம்மசக்தி பார்த்துக்கொள்வாள். சின்ன வெங்காயம் அரிந்தேன். மார்ச் 15-ஐயும் 24-ஐயும் மாறி மாறிப் புரட்டி வைத்துக்கொண்டு அதில் சொல்லியபடியே செய்தேன். தக்காளி விதையை வழித்தேன். கேரட்டையும் மாங்காயையும் துருவினேன், விரலையும் கொஞ்சம் துருவிக்கொண்டேன். மிளகை அப்போதே நுணுக்கினேன். திருப்பும்போது மூன்றாக உடைந்தது. அவளுக்கு முதல் நாள் நாலாக உடைந்தது, எழுதியிருக்கிறாள்.

சாப்பிடுவதற்கு முன்னால் பார்த்தது: 170/100.

நோட்டின் அட்டையில் என் பெயரை அடித்துவிட்டு, அதற்குக் கீழே சண்முகக்கனி என்று எழுதினேன். வயது 56. முப்பத்தைந்து வருஷமாக ஏட்டி என்றே கூப்பிட்டதில் இந்தப் பெயரை எழுத எனக்கும் கை வரவில்லை. மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் அட்டையில் எழுதினேன். அவள் வந்து எட்டிப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

ஒரு வாய் மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள். பல்லில் ஏதோ நறுக்கென்றது, எனக்கும் கேட்டது.

"என்ன இது?"

"கல்லுப்பு" என்றேன்.

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்" என்று முட்டை ஓட்டைத் தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை முழுவதும் சாப்பிட்டாள்.